யாருக்கு எந்த ஃபோல்டர்?
அலுவலக சர்வரில் பெர்மிஷன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டல். ஐந்து ரதம் போகும் வழியில் ஒரு சிற்பப் பட்டறை. மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம். நான்கிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு விண்டோஸ் சர்வரோ, சாம்பா போட்ட லினக்ஸ் கணினியோ, நாஸ் பெட்டியோ இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவருக்கு வரும் ஃபோனும் நான்கிலும் ஒன்றுதான்: “சார், ஃபைல் ஓப்பன் ஆகல, கொஞ்சம் திறந்து விட்ருங்க.”

அந்த “திறந்து விடுங்க”தான் பெரும்பாலான சிக்கல்களுக்குப் பிறப்பிடம். அவசரத்துக்குத் திறந்தது அப்படியே கிடக்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் சம்பளப் பட்டியலை வாசல் காவலரும் படிக்கலாம், யாரும் அழிக்கலாம் என்ற நிலை. எந்த ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்ல வேண்டியவர் அந்த வேலைக்குப் பொறுப்பானவர். கணினி பார்ப்பவர் அவர் சொன்னதை அமைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒன்று நடக்காத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த சர்வர் வாங்கினாலும் பயன் இல்லை.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மேல்நிலை ஃபோல்டருக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரை எழுதி வையுங்கள். கணக்கு ஃபோல்டருக்கு அக்கவுண்டன்ட், ரிசப்ஷன் ஃபோல்டருக்கு ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர், இப்படி. புதிதாக ஒருவருக்குத் திறக்க வேண்டுமானால் அந்தப் பொறுப்பாளரிடமிருந்து ஒரு வரி மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ வர வேண்டும். வாய்மொழியாக முதலாளியே சொன்னாலும், “அண்ணே, ஒரு மெசேஜ் மட்டும் போட்டு விடுங்க” என்று கேளுங்கள். பிறகு ஒருநாள் “இவருக்கு யார் கொடுத்தது?” என்ற கேள்வி வரும்போது அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

பெர்மிஷனை இருக்கைக்குக் கொடுங்கள். நம் அரசு அலுவலகங்களைப் பாருங்கள். ஏ1, ஏ2, பி1 என்று இருக்கை இருக்கும். கோப்பு அந்த இருக்கைக்குச் சொந்தம். அதில் உட்கார்பவர் மாறுதலில் போவார், வேறொருவர் வந்து பொறுப்பேற்பார், கோப்பு எண் மாறாது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பல்லாவரம், தாம்பரம் தொடங்கி மதுராந்தகம், செய்யூர் வரை எட்டு வட்டங்கள் இந்தப் பக்கம் வந்தன. அப்படி ஒரு பெரிய பிரிவினையின்போது ஆள் பெயரை வைத்துக் கோப்பைத் தேடினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். சர்வரில் அந்த இருக்கைக்குப் பெயர் குரூப். “கணக்கு-படிக்க”, “கணக்கு-எழுத” என்று இரண்டு குரூப் போடுங்கள். ஃபோல்டரில் அந்தக் குரூப்புகளின் பெயர் மட்டும் இருக்கட்டும், எந்தத் தனி ஆளின் பெயரும் வேண்டாம். ஆள் வந்தால் குரூப்பில் சேர்ப்பது, போனால் எடுப்பது: வேலை அதோடு முடிந்தது. தனித்தனிப் பெயராகக் கொடுத்துப் பழகிய சர்வரில் செக்யூரிட்டி பட்டியலைத் திறந்தால், கணக்கு அழிக்கப்பட்டவர்களின் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்கள் வரிசையாக நிற்கும். அவை யாருடையவை என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்.

விண்டோஸில் இரண்டு பூட்டு இருப்பதை மறக்காதீர்கள். ஷேர் பெர்மிஷன் ஒன்று, என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சர்வரின் முன்னால் உட்கார்ந்தோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ நுழைபவருக்கு ஷேர் பூட்டு பொருந்தாது. ஆகவே உண்மையான கட்டுப்பாட்டை என்டிஎஃப்எஸ் பக்கம் வையுங்கள். ஷேர் பக்கம் ஊழியர்களுக்குச் சேஞ்ச் போதும், ஃபுல் கன்ட்ரோல் வேண்டாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு ஃபைலை உருவாக்கியவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதால், அதன் பெர்மிஷனைத் தானே மாற்றிக்கொள்ள அவரால் முடியும். ஷேர் சேஞ்ச் அளவில் நின்றால் நெட்வொர்க் வழியாக அந்த வித்தை பலிக்காது. என்டிஎஃப்எஸ் பக்கமும் அப்படியே: எழுத வேண்டியவருக்கு மாடிஃபை கொடுங்கள். ஃபுல் கன்ட்ரோல் என்றால் பூட்டையே மாற்றும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

முடிவான வரைபடங்களை எல்லோரும் படிக்கட்டும், ஒருவர் மட்டும் எழுதட்டும். இதைச் சிற்பப் பட்டறைகளுக்காகவே தனியாகச் சொல்கிறேன். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர், வெளிநாட்டு ஆர்டர்களுக்கு வரைபடமும் அளவுத்தாளும் கணினியில் தயாராகும் பட்டறைகள் இன்று உண்டு. வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை யாரோ திறந்து, தெரியாமல் ஓர் அளவை மாற்றிச் சேமித்துவிட்டால், அந்த அளவில் கல் வெட்டப்படும். கணக்குப் புத்தகத்தில் பிழை என்றால் திருத்தலாம். உளி இறங்கிய கருங்கல்லில் திருத்த இடமில்லை. மாதக்கணக்கில் செய்த வேலையும் கல்லின் விலையும் போய்விடும். “வேலையில்”, “ஒப்புதல் ஆனது” என்று இரண்டு ஃபோல்டர் போதும். முதலாவதில் வரைபவர்கள் எழுதலாம். இரண்டாவதில் பட்டறைத் தலைவரோ அவர் நியமித்தவரோ மட்டும் எழுதலாம், மற்ற எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும். சிறிய ஏற்பாடு. பெர்மிஷன் என்பது ரகசியம் காப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணமும் இதுதான்.

பாஸ்போர்ட் நகல்களைத் தனி அறையில் வையுங்கள். மாமல்லபுரத்திலும் கோவளம் வரையிலான கடற்கரைச் சாலையிலும் ஓட்டல், ரிசார்ட், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டும். ரிசப்ஷனில் அதற்கு “சி ஃபார்ம்” என்றுதான் பேர். அதற்காகப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஸ்கேன் செய்கிறார்கள். அந்த நகல் ஸ்கேன் ஃபோல்டரில் விழுகிறது. அங்கிருந்து பதிவு செய்பவர் எடுத்துக்கொள்கிறார். அதன் பிறகு? நகல் ஸ்கேன் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதே ஃபோல்டரைக் கிச்சனில் மெனு அச்சடிப்பவரும் ஸ்டோரில் பில் ஸ்கேன் செய்பவரும் திறப்பார்கள். முன்பின் தெரியாத ஊரில் நம்மை நம்பித் தன் அடையாள ஆவணத்தைக் கையில் கொடுத்த ஒருவரின் முகமும் எண்ணும் பிறந்த தேதியும் வருடக்கணக்கில் அங்கே திறந்து கிடக்கின்றன.

என்ன செய்யலாம்? அடையாள ஆவணங்களுக்குத் தனி ஃபோல்டர், அதற்குப் பதிவு செய்யும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. பொது ஸ்கேன் ஃபோல்டர் ஒவ்வொரு நாள் இரவும் தானாகக் காலியாகும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட். எத்தனை நாளைக்குப் பிறகு நகலை அழிப்பது என்று சட்ட ஆலோசகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி அழிப்பது. நம் மாவட்ட அலுவலகங்களில் முடிந்த கோப்புக்கு ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு என்று ஆயுள் குறித்து வைக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. தனியார் சர்வர்களில் அந்த ஒழுங்கு அரிது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. சின்ன ஓட்டல்தானே என்று இருந்துவிட முடியாது.

ஜெராக்ஸ் மெஷினுக்கென்று ஒரு தனி யூசர் போடுங்கள். ஸ்கேன் செய்தால் நேரே ஃபோல்டரில் விழ வேண்டும் என்பதற்காக மெஷினுக்குள் ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பார்கள். பல இடங்களில் அது அட்மினிஸ்ட்ரேட்டருடையதாகவே இருக்கிறது. மெஷினின் செட்டிங் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர் கையில் சர்வரின் சாவி கிடைக்க அது வழி. ஸ்கேன் ஃபோல்டரில் மட்டும் எழுதக்கூடிய, வேறு எங்கும் நுழைய முடியாத ஒரு கணக்கு போதும்.

வேலையை விட்டுப் போகும் ஆளின் கணக்கை அன்றைக்கே முடக்குங்கள். அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். அவர் வைத்திருந்தவற்றைப் பிறகு பார்க்க வேண்டி வரும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸில் ஒருவரைக் குரூப்பிலிருந்து எடுத்தாலும், ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பவருக்குப் பழைய உரிமை அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி நுழையும்வரை தொடரலாம். ஆகவே சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ், செஷன்ஸ் போய் அவர் பெயரில் இருக்கும் இணைப்பையும் மூடுங்கள். வேலை மாறுபவருக்கும் இதே கவனம் வேண்டும். ரிசப்ஷனிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போனவர் புதிய குரூப்பில் சேர்வார். பழையதிலிருந்து எடுக்க யாருக்கும் நினைவு வராது. பத்து வருடம் ஒரே நிறுவனத்தில் நான்கு பிரிவு பார்த்தவரிடம் நான்கு பிரிவின் சாவியும் இருக்கும்.

கொடுத்த பிறகு சோதித்துப் பாருங்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால் எஃபெக்டிவ் ஆக்சஸ் என்று ஒரு பக்கம் வரும். ஊழியர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்னென்ன முடியும், எது முடியாது என்று வரி வரியாகக் காட்டும். அதோடு சாதாரண ஊழியர் ஒருவரைப் போல ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொண்டு, அதில் நுழைந்து நீங்களே திறந்து பாருங்கள். அட்மின் கணக்கில் இருந்துகொண்டு “ஓப்பன் ஆகுதே” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

பேக்கப் இருக்கும் இடத்தில் ஊழியர் யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. ஒருவருக்கு எழுதும் உரிமை கொடுத்தால், அவர் கணினிக்குள் புகுந்த தீம்பொருளுக்கும் அதே உரிமையைக் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். ரேன்சம்வேர் ஒரு பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. அந்த ஊழியர் எழுதக்கூடிய ஃபைல் அத்தனையையும் அவர் பெயரிலேயே குலைத்துவிடும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கும் ஒரகடம் ரெனோ–நிஸான் ஆலை வரை வந்து பாதித்தது. பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு ஊழியர் கணினி எதிலும் பதிந்திருக்கக் கூடாது. ஒரு பிரதி வெளியூரில் இருக்கட்டும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. கடற்கரையில் இருப்பவர்கள் செங்கல்பட்டிலோ சென்னையிலோ ஒரு பிரதி வைப்பது நல்லது. உப்புக் காற்று நாஸ் பெட்டியின் விசிறியையும் போர்டையும் அரிப்பதும் இந்தக் கரையில் வழக்கம்.

முக்கியமான இரண்டு மூன்று ஃபோல்டர்களில் மட்டும் ஆடிட் லாக் போடுங்கள். யார் அழித்தார், யார் மாற்றினார் என்பதை விண்டோஸ் 4663 என்ற எண்ணில் பதிவு செய்யும். எல்லா ஃபோல்டருக்கும் போட்டால் லாக் நிரம்பி வழிந்து தேவையானது கிடைக்காது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல் கொடுக்காதீர்கள். லினக்ஸ்காரர்களுக்கு 777. “இப்போதைக்குப் போட்டு வைப்போம், பிறகு சரி செய்வோம்” என்று போட்டது எதுவும் பிறகு சரி செய்யப்படுவதில்லை. சாம்பாவில் பொதுவாகப் பகிர வேண்டும் என்றால் ஃபோல்டருக்கு 2770 கொடுத்து அதற்குரிய குரூப்பை வையுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் ஃபைல் எல்லாம் அதே குரூப்புக்குச் சொந்தமாகும்படி பார்த்துக்கொள்ளும். கிரியேட் மாஸ்க் 0660 என்று இருந்தால் குரூப்பில் உள்ளவர்கள் ஒருவர் ஃபைலை இன்னொருவர் திருத்தலாம். 777 போட வைக்கும் நச்சரிப்பில் பெரும்பகுதி இத்தோடு அடங்கிவிடும்.

டினை பெட்டியில் டிக் போடாதீர்கள். ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்து, ஒன்றில் அனுமதியும் இன்னொன்றில் டினையும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் டினைதான் வெல்லும். எவ்ரிஒன் மீது டினை போட்டால் அட்மினும் வெளியே. அனுமதி கொடுக்காமல் இருந்தாலே ஒருவர் நுழைய முடியாது. தனியாக மறுக்கத் தேவையில்லை.

ஆழத்தில் இருக்கும் ஃபோல்டரில் இன்ஹெரிட்டன்ஸை முறிக்காதீர்கள். மேலே முதல் இரண்டு அடுக்கோடு வேறுபாடு முடியட்டும். “2023–24 / ஜிஎஸ்டி / ஆகஸ்ட் / திருத்தம்” என்ற நான்காவது அடுக்கில் மட்டும் ஒருவருக்குத் தனி அனுமதி என்று போட்டால், அது அங்கே இருப்பது போட்டவருக்கே மறந்துவிடும். தனியாக மறைக்க வேண்டியது வந்தால் அதை மேலே கொண்டுவந்து தனி ஃபோல்டராக்குங்கள்.

ரகசியமான ஃபைலை இழுத்துப் போட்டுவிட்டு அத்தோடு விடாதீர்கள். காப்பி செய்தால் அது போய்ச் சேரும் ஃபோல்டரின் பெர்மிஷனை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய பெர்மிஷனையே சுமந்துகொண்டு போகக்கூடும். லினக்ஸில் நகர்த்தும்போதும் பழைய குரூப்பும் உரிமையும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பொது ஃபோல்டரில் தயாரித்த சம்பளப் பட்டியலை நிர்வாகம் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். நகர்த்திய பின் செக்யூரிட்டி பக்கத்தை ஒருமுறை பாருங்கள், அல்லது காப்பி செய்துவிட்டுப் பழையதை அழியுங்கள்.

மூன்று ஷிப்டுக்கும் “ரிசப்ஷன்” என்று ஒரே லாகின் வைக்காதீர்கள். லாக் எடுத்துப் பார்த்தால் ரிசப்ஷன் அழித்தது என்று வரும். எந்த ரிசப்ஷன்? தவறு செய்யாத இரண்டு பேர் மீதும் சந்தேகம் விழும். அது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம். ஆளுக்கொரு லாகின் என்பது முதலாளியை விட ஊழியருக்குத்தான் பாதுகாப்பு.

விருந்தினர் வைஃபையும் அலுவலக நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. அறையில் லேப்டாப்பைத் திறந்த விருந்தினருக்கு உங்கள் நாஸ் பெட்டி நெட்வொர்க் பட்டியலில் தெரிகிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். நாஸில் கெஸ்ட் கணக்கு திறந்திருந்தால் அதையும் மூடுங்கள்.

வீட்டிலிருந்து ஃபைல் பார்க்க வேண்டும் என்று நாஸை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து விடாதீர்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இரண்டு ரேன்சம்வேரும் உலகெங்கும் இப்படித் திறந்து கிடந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைத்தான் பூட்டிப் பணம் கேட்டன. உள்ளே எவ்வளவு கவனமாகப் பெர்மிஷன் பிரித்திருந்தாலும் பெட்டியே பறிபோனால் அது நிற்காது. விபிஎன் வழியாக வாருங்கள்.

பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக, ஃபைல் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை உயிரோடு வைத்திருக்காதீர்கள். வானாக்ரை பரவிய வழி அதுதான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை 2017 மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். புதிய மெஷின் வாங்க முடியாவிட்டால் மெயிலுக்கு ஸ்கேன் அனுப்பும்படி மாற்றிக்கொள்ளலாம்.

டேலி டேட்டாவைப் பொது ஷேருக்குள் வைக்காதீர்கள். சர்வர் ஃபோல்டரிலிருந்து பலர் ஒரே நேரத்தில் டேலியில் வேலை செய்யும்போது, அந்த ஃபோல்டரில் அவர்கள் அனைவருக்கும் எழுதும், அழிக்கும் உரிமை இருந்தாக வேண்டும். ஆகவே டேலிக்கு உள்ளே பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், எக்ஸ்ப்ளோரர் வழியாக அந்த ஃபோல்டரையே காப்பி செய்து எடுத்துப் போகவோ மொத்தமாக அழிக்கவோ அவர்களால் முடியும். தனி ஷேர் போடுங்கள், பெயருக்குப் பின்னால் டாலர் குறி சேர்த்துப் பட்டியலில் தெரியாமல் வையுங்கள், கணக்குக் குரூப்புக்கு மட்டும் கொடுங்கள், டேலி வால்ட் பாஸ்வேர்டு போடுங்கள், மாலைதோறும் அவர்கள் கை படாத இடத்தில் பேக்கப் எடுங்கள். ஆடிட்டர் அலுவலகம் என்றால் வாடிக்கையாளர் வாரியாகத் தனி டேட்டா ஃபோல்டர் வைத்துப் பிரிக்கலாம். ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பார்க்கும் வாடிக்கையாளர் மட்டும் போதும்.

அட்மின் பாஸ்வேர்டை ஒரே ஆளின் மண்டைக்குள் வைக்காதீர்கள். பத்துப் பேரிடமும் கொடுக்காதீர்கள். எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உறை மேல் தேதியும் கையெழுத்தும் இட்டு நிறுவன உரிமையாளரின் பெட்டகத்தில் வையுங்கள். சர்வர் பார்ப்பவரும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கில்தான் இருக்க வேண்டும். உறை பிரிக்கப்பட்டால் அன்றே பாஸ்வேர்டை மாற்றிப் புதிய உறை வையுங்கள்.